பெட்டி ஆடக்கூடாது

சின்னப்பராஜ் எந்தப் பெட்டியைக் கையில எடுத்தாலும் மொதல்ல காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பாரு. ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில பேக்கிங் இன்ஸ்பெக்டர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். உள்ள லொடலொடன்னு சத்தம் கேட்டா ரிஜெக்ட், அவ்ளோதான். சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் பாஸ் பண்ண மாட்டாரு. வேலையில அப்படி இருக்கறது சரி. இந்த மனுஷன் அந்தப் புத்தியை வூட்டுக்கும் கொண்டாந்துட்டாரு. மளிகைக் கடை பிஸ்கட் டப்பாவை ஆட்டிப் பாக்கறது, மச்சான் கொண்டாந்த கிஃப்டை அவர் எதிர்லயே ஆட்டிப் பாக்கறது. சம்சாரம் அருள்மேரி தலையில அடிச்சுக்குவாங்க.

அவருக்கு உசுரு பழைய படம். கறுப்பு வெள்ளைப் படம் வந்த விசிடியெல்லாம் தேடித் தேடி வாங்கி, பிள்ளைப்பாக்கத்து வூட்டுல ரெண்டு பீரோ நெறைய அடுக்கி வச்சிருந்தாரு. இவரை மாதிரியே பைத்தியங்கள் நாப்பது பேரு சேந்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பு வேற. அதுல படத்தைப் பத்தி ஒரு பேச்சு இருக்காது. எல்லாம் பெட்டியைப் பத்திதான். மேல சுத்தின பிளாஸ்டிக்கைப் பிரிக்கலாமா கூடாதா, விலை ஸ்டிக்கரை உரிக்கலாமா கூடாதா, அட்டை உறை உசத்தியா பிளாஸ்டிக் டப்பா உசத்தியா. இதுக்காக அஞ்சு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசாத ஆளுங்கல்லாம் அந்தக் குரூப்புல உண்டு. சொன்னா சிரிப்பீங்க, அவங்களுக்கு அது மானப் பிரச்சனை.

அந்தச் சண்டையில சின்னப்பராஜ் வச்சதுதான் சட்டம். டிஸ்க்கைப் புடிச்சுக்கிற நடுப் பல்லு நாளாக நாளாக உடைஞ்சுடும், உள்ள டிஸ்க்கு ஆடும். ஆடினா கீறல் விழும். இவரு சும்மா இருப்பாரா? கம்பெனியில வேண்டாம்னு ஒதுக்கின சாம்பல் கலரு ஸ்பாஞ்சை வட்டமா வெட்டி, டிஸ்க்குக்கு மேல வச்சு, மூடியை அழுத்தி மூடினாரு. ஆட்டிப் பாத்தா மூச்சுச் சத்தம் கூட இல்ல. குரூப்புல போட்டோ போட்டாரு, ஆஹா ஓஹோன்னாங்க. பதினோரு பேரு தங்களோட பெட்டிங்களைக் கொண்டாந்து குடுத்து, “அண்ணே, எனக்கும் வச்சுக் குடு”ன்னு வரிசை கட்டினாங்க.

மொதல்ல கொண்டாந்தது யதிராஜ். ஸ்ரீபெரும்புதூர்க்காரரு, பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கு. பரம்பரையா கோயில் கைங்கர்யம் பண்ற குடும்பம். அவரு குடுத்தது ஒரே ஒரு பெட்டி. அந்தப் பக்திப் படத்தோட பேரு கூட இன்னிக்கு எவனுக்கும் ஞாபகம் இல்ல, குரூப்புல ‘தேர்ப் படம்’னுவாங்க. ஃபிலிம் சுருள் எங்கயும் இல்ல, இன்னொரு விசிடி யாருகிட்டயும் இல்ல. ரெண்டாவது டிஸ்க்குல, உற்சவத்துல பெருமாளுக்குக் குடை புடிச்சுக்கினு நடந்து வர்றாரு பாருங்க ஒருத்தரு, அவருதான் யதிராஜோட அப்பா. நாப்பது செகண்டு. நடுவுல கேமராப் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பாரு. யதிராஜுக்கு நாலு வயசுல அவரு போய்ச் சேந்துட்டாரு. அப்பா நடந்து யதிராஜ் பாத்தது அந்த நாப்பது செகண்டுலதான்.

“காப்பி ஒண்ணு எடுத்து வச்சுக்கட்டுமா?”ன்னு யதிராஜ் அன்னிக்கே கேட்டாரு. “கண்ட டிரைவ்லயும் போட்டு உருட்டாதய்யா, கீறல் உழும். என் பேக்கிங் இருக்கற வரைக்கும் உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது, நான் கேரண்டி”ன்னு நெஞ்சைத் தட்டிச் சொன்னவரு இந்தச் சின்னப்பராஜ்தான்.

பத்து வருஷம் ஓடிடுச்சு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு குன்றத்தூர்ல குரூப்பு மீட்டிங். ஆளாளுக்கு ஒரு பெட்டி கொண்டாரணும், யதிராஜ் தேர்ப் படத்தைத் திரையில போட்டுக் காட்டறதா ஏற்பாடு. சர்ச்சுல காலைப் பூசை முடிச்சு வந்த சின்னப்பராஜ், தன் பங்குக்கு ஒண்ணு எடுக்கலாம்னு பீரோவைத் திறந்தாரு. ஸ்பாஞ்சு வச்ச பெட்டிங்களை இத்தனை வருஷமா ஆட்டிப் பாத்ததோட சரி, திறந்ததே இல்ல. அதுல ஒண்ணை எடுத்து வழக்கம்போல ஆட்டினாரு. சத்தம் இல்ல. ஒரு பெருமிதத்தோட மூடியைத் திறந்தாரு.

ஸ்பாஞ்சு ஸ்பாஞ்சாவே இல்ல. கரைஞ்சு, பிசுபிசுன்னு கோந்து மாதிரி டிஸ்க்கு மேல ஒட்டிக்கினு இருந்திச்சு. மெதுவா உரிச்சாரு. அதோட சேந்து டிஸ்க்கோட வெள்ளிப்பூச்சும் தோலு மாதிரி உரிஞ்சு வந்திடுச்சு. தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சா எதிர்வூட்டுத் தண்ணித் தொட்டி தெரியுது. விசிடியில படம் பளபளப்பான அடிப்பக்கத்துல இருக்குன்னு எல்லாரும் நெனைப்பாங்க. கிடையாது. பேரு அச்சடிச்சிருக்கற மேல்பக்கத்துக்குக் கீழதான் மெல்லிசா ஒட்டிக்கினு இருக்கும். அது போச்சுன்னா படம் போச்சு.

இன்னொண்ணைத் திறந்தாரு. அதுவும் அப்படியே. அடுத்தது, அதுக்கும் அடுத்தது. இருக்கறதுலயே ஒசத்தின்னு பொறுக்கி எடுத்து ஸ்பாஞ்சு வச்ச அறுபத்தி மூணுல ஒண்ணு கூடத் தேறல. ஸ்பாஞ்சு வைக்காம அலட்சியமாப் போட்டு வச்ச கழிசடைப் படமெல்லாம் லொடலொடன்னு ஆடிக்கினு நல்லாவே இருந்திச்சு.

“இன்னாங்க ஆச்சு? ஏன் தரையில உக்காந்துட்டீங்க?”ன்னு அருள்மேரி ஓடி வந்தாங்க.

“யதிராஜு பெட்டி, மேரி”ன்னாரு. அவ்ளோதான் வாயில வந்திச்சு.

போனைப் போட்டாரு. மணி அடிக்குது, எடுக்கல. அஞ்சு தடவை அடிச்சாரு. யதிராஜ் கோயிலுக்குப் போனா போனை வூட்டுலயே வச்சுட்டுப் போற ஆளு.

“குரூப்புல ஒரு மெசேஜ் போட்டு விடுங்களேன், எல்லாரும் உஷாராவாங்க இல்ல”ன்னாங்க அருள்மேரி.

டைப் பண்ணாரு. ‘நான் வச்ச ஸ்பாஞ்சு’ வரைக்கும் அடிச்சாரு. அழிச்சாரு. நாப்பது பேரு முன்னால வாத்தியார் மாதிரி பேசின வாயி. வெக்கம் புடுங்கித் தின்னுது. “மொதல்ல அவன் பெட்டியைப் பாத்துட்டு வந்துடறேன்”னு வண்டியை எடுத்தாரு. இதுல பாதி அவசரம், பாதி கோழைத்தனம். அது அவருக்கே தெரியும்.

பிள்ளைப்பாக்கத்துலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் என்ன பெரிய தூரமா? ஆனா அன்னிக்குன்னு பார்த்து சிப்காட் ரோட்டுல கண்டெய்னர் லாரி ஒண்ணு குறுக்க திரும்பி மாட்டிக்கினு நிக்குது. பின்னால ஷிப்ட் பஸ்ஸு, வேனு, எல்லாம் ஹாரனை அழுத்துறானுங்க. சின்னப்பராஜ் வண்டியை மண்ணுல இறக்கி, சகதியில சறுக்கி, எப்படியோ தாண்டினாரு. யதிராஜ் சாயங்காலத்துக்கு டிஸ்க்கைத் தொடைச்சு வைப்பாரு. தொடைக்கணும்னா ஸ்பாஞ்சை எடுப்பாரு. எடுத்தா அப்பா முகம் உரிஞ்சு கையோட வந்துடும். மாதாவே, அவன் இன்னும் திறந்திருக்கக் கூடாதுன்னு வழி பூரா வேண்டிக்கினே போனாரு.

யதிராஜ் அப்பத்தான் கோயில்லேர்ந்து வந்து சட்டையைக் கழட்டிக்கினு இருந்தாரு. “வாய்யா சின்னப்பா, இன்னா இந்த நேரத்துல? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கிடக்கு?”

“பெட்டியைத் திறந்தியா?”

“எந்தப் பெட்டி?”

“உங்கப்பா பெட்டிய்யா! திறந்தியா இல்லியா, அதைச் சொல்லு!” சின்னப்பராஜுக்குக் குரல் உடைஞ்சு போச்சு. “ஸ்பாஞ்சு உருகி ஒட்டிக்கிச்சு யதி. என்னோடது அத்தனையும் போச்சு. உன்னோடதும் போயிருக்கும். கேரண்டின்னு சொன்னேனே, பாவி நான். செருப்பால அடி என்னை.”

யதிராஜ் தரையைப் பாத்தாரு. உள்ளேர்ந்து காபி டம்ளரோட வந்த அவரு சம்சாரம் குமுதவல்லிதான் சாதாரணமாச் சொன்னாங்க: “அந்தப் பஞ்சா அண்ணா? அது ஒட்டுதுன்னு இவர் மூணு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்துப் போட்டுட்டாரே. டிஸ்க்கு பூஜை அலமாரில இல்ல இருக்கு?”

யதிராஜ் எழுந்து போய் அலமாரியிலேர்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக் கவரை எடுத்தாந்தாரு. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவின பழைய கவரு. அதுக்குள்ள ரெண்டு டிஸ்க்கும் சுத்தமா இருந்திச்சு. வருஷா வருஷம் அப்பா தெவசத்தன்னிக்கு எடுத்துப் போட்டுப் பாக்கறது வழக்கமாம். மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்படிப் பாக்கும்போது ஸ்பாஞ்சு ஓரம் லேசா ஒட்டவும், தேங்காண்ணெய் தொட்டு மெதுவா எடுத்துட்டாராம்.

சின்னப்பராஜ் அந்தக் கவரை வாங்கி, பழக்க தோஷம், காதுகிட்ட வச்சு ஆட்டினாரு. சடசடன்னு சத்தம் கேட்டுச்சு. ‘அப்பாடா’ன்னு ஒரு மூச்சு வந்திச்சு, கண்ணுல தண்ணி வந்திச்சு. அதுக்கப்புறம்தான் கோவம் வந்திச்சு, அப்படி ஒரு கோவம்.

“மூணு வருஷமாத் தெரியுமா உனக்கு? ஏன்யா என்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்லுவேன்? குரூப்புல எல்லாரும் உன் ஸ்பாஞ்சைத் தலையில தூக்கி வச்சுக்கினு ஆடறாங்க. நீயும் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமா இருந்த. மனசு உடைஞ்சு போயிடுவியேன்னு...”

“மனசு! அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் அறுபத்தி மூணும் பொழைச்சிருக்குமேய்யா! எங்க வேணா போயித் தேடினாலும் இனிமே கிடைக்குமா?”

குமுதவல்லி, தான் என்னத்தைச் சொல்லிட்டோம்னு புரியாம ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. காபி ஆறிப் போச்சு.

செவுத்துக் கடிகாரம் பன்னெண்டு அடிச்சிச்சு. நாலு மணிக்கு இன்னும் பத்துப் பேரு பெட்டியைத் திறந்து உரிக்கப் போறானுங்கன்னு அப்பத்தான் சின்னப்பராஜுக்கு மறுபடி உறைச்சிச்சு. போனை எடுத்தாரு. இந்தத் தடவை அழிக்கல. ‘நான் ஸ்பாஞ்சு வச்ச பெட்டியை வச்சிருக்கறவங்க உரிக்காதீங்க. தேங்காண்ணெய் தொட்டு மெதுவா எடுங்க. ஸ்பாஞ்சு உருகி டிஸ்க்கைத் தின்னுடுச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க. சின்னப்பராஜ்.’

அனுப்பப் போகும்போது யதிராஜ் கையைப் புடிச்சாரு. “இரு. யதிராஜுக்கு மூணு வருஷமாத் தெரியும், வாயைத் திறக்கலன்னும் போடு.”

“எதுக்குய்யா? உன்னையும் சேத்துக் கிழிப்பானுங்க.”

“கிழிக்கட்டும்.”

கோவத்துல இருந்த மனுஷனுக்கு அந்த வரியை அடிக்க வெரல் வரல. போனை அப்படியே நீட்டினாரு. யதிராஜ் கண்ணாடியை மாட்டிக்கினு, ஒவ்வொரு எழுத்தாத் தேடி, தன் பேரைத் தானே அடிச்சு அனுப்பினாரு.