வீராயி அக்காவின் வலது கை

மலாக்கா ஊருக்குள் ரப்பர் ஷீட்டை இறக்கிவிட்டு லோரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாயா ரும்புட் பஸ்ஸிலிருந்து இறங்கிய நம் தோட்டத்து ஆள் ஒருவர் சாலையைக் கடந்து ஓடி வந்தார். "டிரைவரண்ணே, வீராயி அக்கா விடியக்காலையில தவறிட்டாங்க. சாயங்காலம் எடுக்குறாங்க. வண்டியத் திருப்புங்க" என்றார். வாளியை நான் கீழே வைக்கவில்லை, அதுவாக விழுந்தது. அன்று நான் ஓட்டிய வேகத்தில் மலாக்காச் சீமையில் இதுவரை எவனும் லோரி ஓட்டியதில்லை. புக்கிட் ரம்பாய் வளைவில் கோழிகளெல்லாம் மரமேறிக்கொண்டன.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து நோவு தீர அந்தப் பித்தளைக் குழாயைப் பிடித்தவர்கள்தாம். ஆனாலும் கதையைத் தொடக்கத்திலிருந்து அறிந்தவன் நான் ஒருவனே. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தேன். நாலாவதுக்கு வாத்தியார் இல்லை, இருந்திருந்தால் அதையும் ஒரு கை பார்த்திருப்பேன். ஆகவே எழுத்தில் குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சேதியில் குறை இருக்காது. வேண்டுமானால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

ரப்பர் விலை தலைகுப்புற விழுந்த காலம் அது. வேலைக்கு ஆகாதவர்களைத் தோட்டம் தோட்டமாகப் பொறுக்கி இந்தியாவிலுள்ள ஊருக்கே கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வீராயி அக்காவுக்கு வலது தோளிலிருந்து விரல் நுனி வரை நரம்பு இழுத்துக்கொண்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளுக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? எண்ணெய் தேய்த்தார், பற்றுப் போட்டார், மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொண்டை போடக்கூட அடுத்த வீட்டுச் செங்காயிதான் வரவேண்டும். "அங்க போயி யாரு வீட்டுக் கதவத் தட்டுவேன்? எம் புருசன் இந்த மண்ணுலதான் கெடக்கான்" என்று ஒருமுறைதான் சொன்னார். பிறகு சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது அவர் சாமான்களை ஏலம் விட்டார்கள். அங்கே ஒரு மரப்பெட்டி என்னைப் பார்த்தது. பக்கத்தில் ஒரு கைப்பிடி, உள்ளே காந்தமும் பல்சக்கரமும், இரண்டு கம்பிக் கயிற்று முனையில் இரண்டு பித்தளைக் குழாய். நான் அதைப் பாட்டுப்பெட்டி என்று நினைத்து எடுத்ததாகச் சிலர் கதை கட்டினார்கள். அப்படியே நினைத்திருந்தாலும் என்ன, எடுத்தவன் நான்தானே? போட்டிக்கு நூறு பேர் நின்றார்கள். சரி, பத்துப் பேர்.

பெட்டியின் குணம் சொன்னவர் நம் பெரிய கிராணியார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டுப் போடாமல் கணக்குப் புத்தகத்தைத் திறக்காதவர். "உது பாட்டுப் படிக்காது, ஐசே. கரண்டுப் பெட்டி. எங்கடை பெரியப்பா வாதத்துக்கு வீட்டிலை வைச்சிருந்தவர். குழாயிலை உப்புத் தண்ணித் துணியைச் சுத்து. மெல்லச் சுழற்று. கெதியாச் சுழற்றினால் ஆளைத் தூக்கி எறியும், கண்டியோ" என்றார். மெல்ல என்று அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆனால் என் கை லோரிக்கு ஹேண்டில் போட்டுப் பழகிய கை.

அன்று சாயங்காலம் லயத்து வீட்டுப் படியில் அக்காவை உட்காரவைத்து, ஒரு குழாயை உள்ளங்கையில் கொடுத்து, மற்றதைத் துணியோடு தோளில் அழுத்திப் பிடிக்கச் செங்காயியிடம் சொன்னேன். சுழற்றினேன். அக்கா எழுந்து நின்ற வேகத்தில் படியே ஆடியது.

"அடப் பாவி! நோவப் போக்கச் சொன்னா உசுரப் போக்குறியே!"

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும் அக்கா."

"அப்ப நீ புடி, நான் சுத்துறேன்."

இரண்டாம் தடவை மெதுவாகச் சுழற்றினேன். அக்கா கண்ணை மூடினார். "எறும்பு ஊருதுடி செங்காயி. கட்டெறும்பு இல்ல, சிற்றெறும்பு" என்றார். கொஞ்சம் பொறுத்துக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கித் தலைமுடியை அள்ளி முறுக்கித் தாமே கொண்டை போட்டார். லயத்தில் எழுந்த கூச்சல் குருபோங் ஊர் வரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள், சொன்னது நானாகவே இருந்தாலும்.

சோறு கொதிக்கும் நேரத்துக்குள் நோவு திரும்பிவிட்டது. எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அக்காவுக்குத் தொங்கவில்லை. "திரும்பி வந்துச்சுன்னா போகத் தெரிஞ்ச நோவுதானடா அது? வழி தெரிஞ்சிருச்சு, நாளைக்கும் போகும்" என்றார். அன்று முதல் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாளுக்கு நாள் நோவு வெளியே தங்கும் நேரம் நீண்டது. ஆனாலும் ஒரு வேளை விட்டால் கை மறுபடி கல்லாகிவிடும்.

அப்போதுதான் நம் தோட்டத்துத் துரையின் உத்தரவு வந்தது. வேலைக்கு ஆகுமா என்று சந்தேகமுள்ள ஆட்களெல்லாம் தன் கண்முன்னே மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கிக் காட்ட வேண்டும். கை நடுங்கினால், மரத்தில் காயம் பட்டால், அடுத்த கப்பல். பெட்டி விஷயம் தெரிந்தால், பெட்டியில்லாமல் வேலை செய்ய முடியாதவள் என்று அதற்காகவே பேரைக் கப்பல் பட்டியலில் எழுதிவிடுவார். ஆகவே விடியுமுன் வீட்டிலேயே கரண்டு பிடித்துக்கொண்டு அக்கா ரப்பர் காட்டுக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

உங்களுக்குத் தெரியும், நனைந்த மரத்தை வெட்ட முடியாது. பால் பிடிக்கக் கட்டிய மங்குக்குள் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். மழை விட்டு, மரம் காய்ந்து, துரை வருவதற்குள் அக்காவின் விரல் மடங்க மறுத்தது. சேதி கேட்டு நான் சும்மா இருப்பேனா? லோரியைக் காட்டுப் பாதையில் விட்டேன் பாருங்கள், சேறு என்னைக் கண்டு விலகியது. சாக்கில் சுற்றிய பெட்டியோடு ஒரு பெரிய மரத்தின் பின்னால் குந்தினேன். வெட்டுக்காரப் பெண்கள் வாளியும் சாக்குமாகச் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள்.

பெட்டியின் கரகர சத்தத்துக்கு என்ன செய்வது? செங்காயி வழி கண்டுபிடித்தாள். "எம் மங்க எடுத்தவ எவடி?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "ஓட்ட மங்கு யாருக்குடி வேணும்?" என்று ஒருத்தி திருப்பிக் கொடுத்தாள். சண்டை சூடு பிடித்தது. அக்காவின் தோளில் குழாயை அழுத்தியிருந்த செங்காயியின் கை மழையில் நனைந்திருந்தது. நான் சுழற்றச் சுழற்ற அவளுக்கும் கரண்டு ஏறிற்று. அதன்பிறகு அவள் போட்ட கூச்சலில் நடிப்பு துளியும் இல்லை.

துரை அந்தப் பக்கமாக நடந்தார். கூட வந்த கிராணியாருக்குச் சாக்கிடுக்கில் பெட்டி தெரிந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் கண் முட்டியது. அவர் துரையை இங்கிலீசில் ஏதோ சொல்லி நிறுத்தினார். "பெண்டுகள் சண்டை, கிட்டப் போனால் உங்களுக்கும் விழும் எண்டு சொன்னனான்" என்று பிறகு என்னிடம் சொன்னார். துரை நின்றுவிட்டார்.

அக்கா வட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். நான் கூட ஓடி, "அக்கா, இன்னும் கொஞ்சம் பிடிச்சா இன்னும் நல்லா..." என்றேன். "நோவு தூங்குது, எழுப்பாதடா. அது முழிக்கிறதுக்குள்ள இந்த நிரை மரத்த முடிச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டு மரத்தில் கத்தியை வைத்தார்.

வெங்காயத் தோல்போல ஒரே சீவலாகப் பட்டை சுருண்டு வந்தது. அறுபடவில்லை. பின்னாலேயே பால் கோடு பிடித்து மங்குக்குள் இறங்கியது. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். துரை குனிந்து நகத்தால் வெட்டுவாயைச் சுரண்டிப் பார்த்தார். காயம் இருந்தால்தானே. "நல்ல வெட்டு. போ, வேலை பாரு" என்றார். அக்கா போகவில்லை. "பேரு, தொரை?" என்றார். துரை கிராணியாரைப் பார்த்து எழுத வேண்டாமென்று தலையசைத்தார். கிராணியார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பெண்கள் வாளியைத் தட்டிய தட்டலில் காட்டிலிருந்த குரங்கெல்லாம் அடுத்த தோட்டத்துக்குக் குடிபோயிற்று.

பெட்டியை அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். அவர் பிடுங்கிக்கொண்டார் என்பவர்கள் பொறாமைக்காரர்கள். இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு, குதிகால் குத்து என்று அவர் படியில் கூட்டம் குறைந்ததே இல்லை. பிள்ளைத்தாய்ச்சியையும் நெஞ்சுப் படபடப்புக்காரர்களையும் கிட்டச் சேர்க்கமாட்டார். "பொட்டிக்குச் சக்கரம்தான் இருக்கு, புத்தி நம்மகிட்டதான் இருக்கணும்" என்பார். நான் யாரிடமாவது "அக்காவைக் குணப்படுத்தியவன் நான்" என்று ஆரம்பித்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: "குணமாவலடா, இன்னும் நோவுதான். நான் அது பேச்சக் கேக்குறதில்ல, அவ்வளவுதான் லா!" போன வாரம் காய்ச்சலில் படுக்கும் வரை அவர் மரம் வெட்டினார்.

சேதி வந்த அன்று சாயங்காலம் பாடையைத் தூக்க நான் நீ என்று போட்டி. கிராணியார் அந்த வெயிலிலும் கோட்டோடு பின்னால் நடந்து வந்தார். கப்பலில் ஏற்றப் பார்த்த தோட்டம் அக்காவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போயிற்று. அழுதுகொண்டு போகவில்லை, நிமிர்ந்து போனோம். அவர் விட்டுப்போக மறுத்த மண்ணிலேயே, புருஷனுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

பாடையின் முன்கோல் என் வலது தோளில் இருந்தது. நான் சுமந்த அளவுக்கு மற்ற மூன்று பேரும் சுமந்திருக்கமாட்டார்கள். அந்த இடம் இன்னும் நோகிறது. "கரண்டு பிடிச்சுக்குங்க" என்று செங்காயி பெட்டியைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்த நோவு ஒன்றுதான். இது எங்கேயும் போகவேண்டாம், என்னிடமே இருக்கட்டும்.