நீங்க ஸ்டியரிங்க மட்டும் புடிங்க மேடம்

என் மனைவிக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். கார்டில் அவள் படம்கூட நன்றாக விழுந்திருந்தது. ஒரே ஒரு குறைதான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அது எப்படி என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் பெண்களைச் சேர்த்துவிட்டிருக்க மாட்டார்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு உதவத்தான் அது. ஆனால் ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாலே ஆபத்து தொடங்கிவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். "நீங்க ஸ்டியரிங்க மட்டும் புடிங்க மேடம், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்." இவளும் ஒரு மாதம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கும்பகோணம் ரோட்டில் போய் வந்தாள். லைசென்ஸ் டெஸ்ட் அன்றும் அவர் கால்தான் வேலை செய்தது. தான்தான் ஓட்டுகிறோம் என்று நம்பினாள். திருவிழா ராட்டினத்தில் பொம்மைக் காரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் அப்படித்தான் நம்புகிறது.

எங்கள் காரைக் கிளப்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டு கேட் நெருங்கியது. அவள் நிதானமாக இருந்தாள், யாராவது பிரேக் போடுவார்கள் என்று. யாரும் போடவில்லை. கேட்டுக்கு இன்றைக்கும் ஒரு பக்கம் கூன்.

சண்டை போடுவதென்று டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அந்த மனிதர் டீ வாங்கிக் கொடுத்தார். "லேடீஸ் யாரு சார் அப்பறம் ஓட்டப் போறாங்க? லைசென்ஸ் ஒண்ணு இருக்கட்டும்னு வர்றாங்க. அவங்களப் போட்டு ஏன் படுத்தணும்?" என்றார். பதிலுக்குப் பல வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். என் வீரம் எப்போதுமே அந்த அளவுதான்.

இந்தக் கூத்தை ரசிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்து, மயிலாடுதுறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் கிடைத்திருந்தது. அந்த ஊருக்குப் பஸ் விடியற்காலையில் ஒன்று, பொழுது சாய்ந்தபின் ஒன்று. ஆட்டோக்காரர் முகூர்த்த நாளென்றால் வரமாட்டார். இங்கே பாதி நாள் முகூர்த்த நாள். ஸ்கூட்டரும் அவளுக்கு ஓட்ட வராது. சின்ன வயதில் அவளைச் சைக்கிள் தொடவிடாத புண்ணியவான்கள் இருந்த வீடு, அவள் பிறந்த வீடு. அதனால் திருவிடைமருதூரிலிருந்து தினமும் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என் அலுவலகம் என்னைப் பேராவூரணிக்கு மாற்றியது. திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும். ஆக, திங்கட்கிழமைக்குள் அவள் ஓட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழையபடி பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே வரவேண்டும்.

இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த நாற்காலி. அதை விடுவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றபோது சபையே கூடிவிட்டது. எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, பொம்பளைங்களுக்குக் காரு ஓட்டுறது அவ்ளோ அவசியமா?"

"உங்களுக்கு அவசியமா பெரியப்பா?"

"ஆம்பளைக்கு இல்லாமலா?"

"அப்ப வாசல்ல உங்க வண்டியில டிரைவர் உக்காந்திருக்காரே, அவரு யாருக்கு?"

பெரியப்பா என்னைப் பார்த்து, "பொண்டாட்டிய ரொம்பப் பேச விட்டுட்டப்பா" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். வழியில் அவள், "நீங்க எதாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்து மழுப்பினேன்.

ஆனால் எரிச்சலாகத்தான் இருந்தது. நான் கார் பழகியபோது சித்தப்பாவின் வண்டியை நேராக மாட்டுக் கொட்டகைக்குள் விட்டேன். இவனுக்கு இது அவசியமா என்று ஒருவரும் கேட்கவில்லை. "பையன் பழகுறான்" என்றார்கள். ஆட்சேபித்தது மாடு மட்டும்தான்.

அன்று மதியமே அவளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வாய்க்கால்கரை ரோட்டுக்கு அழைத்துப் போனேன். குறுவை அறுவடை நேரம். வலப்பக்கம் பாதி ரோட்டில் ஈரநெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்க ஓரமாகச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். இடப்பக்கம் வாய்க்கால், தண்ணீர் ததும்ப. நடுவில் மிஞ்சிய ரோட்டில் என் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் நான், இல்லாத பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டு.

"கிளட்ச்! கிளட்ச்ச விடு! ஐயோ, முழுசா விடாத!"

"ஏங்க, ஒண்ணு சொல்லுங்க. ரெண்டையும் சொல்லாதீங்க."

எதிரே ஓர் அறுவடை மெஷின் வந்தது. அகலமான வாயைத் திறந்துகொண்டு, மிஞ்சியிருந்த பாதி ரோடும் தனக்கே என்று வந்தது.

"லெஃப்ட்ல ஒடி! ஒடி!" என்று கத்தினேன்.

"லெஃப்ட்ல வாய்க்கால்ங்க!"

"பரவால்ல ஒடி! அந்தப் பக்கம் நெல்லு!"

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நான் இந்த ஊர்க்காரன். காலில் செருப்போடு நெல்லைத் தாண்டினாலே முதுகில் அடி விழுந்த வீடு. மூளைக்குள் எங்கேயோ, காரும் மனைவியும் வாய்க்காலில் போனாலும் டயர் நெல்லில் படக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அவள் ஒடித்தாள். இடது சக்கரம் சரிவில் இறங்கி, வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. கதவுக் கண்ணாடி வழியாக வாய்க்கால் தண்ணீரை மிக அருகில் பார்த்தேன்.

அவள் நிறுத்தினாள். தன் காலால், தானே. பிறகு என்னைக் கேட்காமல் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க வளைத்தாள். வண்டி உறுமி மேலேறி, செங்கல்லைத் தள்ளிவிட்டு, நெல்லின் நடுவில் போய் நின்றது. மெஷின் எங்களைக் கடந்தது. அதன் டிரைவர் எனக்கு மட்டும் ஒரு சலாம் வைத்தார்.

நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் விளக்குமாற்றோடு ஓடிவந்தார். நான் கண்ணாடியை இறக்கி, "மன்னிச்சிக்கிங்கம்மா, பாவம், பழகுறாங்க" என்று தொடங்கினேன்.

"அவங்க என்ன பண்ணாங்க? உங்களத்தான் கேக்குறேன். வாய்க்கால்ல எறக்கச் சொல்லிக் கத்துறீங்களே, புத்தி இருக்கா? உழுந்திருந்தா எங்க வீட்டு ஆளுங்கதான வந்து தூக்கணும்?"

"நெல்லு வீணாயிடுமேன்னு..."

"நெல்ல கூட்டிக்கலாம் சார். இந்தாங்க, எறங்கிக் கூட்டுங்க."

"நீங்க எறங்குங்க" என்று மனைவியும் சொன்னாள். "உங்க கத்தல்ல எனக்கு இஞ்சின் சத்தமே கேக்கல. ஸ்கூல் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"தனியாவா? நான் இல்லாமலா?"

"நாளைக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

இறங்கினேன். கார் இரண்டு முறை குலுங்கி அணைந்தது. மூன்றாம் முறை கிளம்பி வளைவில் மறைந்தது. நான் அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நெல்லைக் கூட்டினேன். மண்ணையும் சேர்த்துக் கூட்டுகிறேன் என்று அதற்கும் திட்டு வாங்கினேன். வெகுநேரம் கழித்து கார் திரும்பி வந்தது. எங்கேயும் புதுக் கூன் இல்லை. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "அமைதியா இருந்திச்சு" என்றாள்.

திங்கட்கிழமை விடியும் முன்பே பஸ் ஏறினேன். பட்டுக்கோட்டை தாண்டும்போது அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஓட்டிக்கொண்டிருப்பாள், எடுத்தால்தான் ஆபத்து என்று புத்திக்குத் தெரிகிறது. விரல் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு, மறுபடியும் தென்னந்தோப்பு. ஓட்டத் தெரிந்த ஆண்பிள்ளை நான், யாரோ ஓட்டும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பேராவூரணியில் இறங்கியபோது அவளே கூப்பிட்டாள். "ஏங்க, சாப்டீங்களா?"

"அத விடு! போய்ச் சேந்தியா?"

"பிரேயரே முடிஞ்சிடுச்சு. ஆபீஸ்ல இருக்கேன்."

"வண்டி?"

"வேப்பமரத்துக்கும் காம்பவுண்டு சுவத்துக்கும் நடுவுல நிக்குது."

"அதுக்குள்ள எப்படி விட்ட? எப்படி வெளியில எடுப்ப? நான் சொல்றேன் கேளு, மொதல்ல ரிவர்ஸ்..."

"சாயங்காலம் நான் பாத்துக்கறேன். வச்சிடுங்க, ஸ்கூலப் பாக்க ஏஇஓ வந்திருக்காரு" என்று வைத்துவிட்டாள்.