எல்லாரும்தான்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஊசி. சமூகப்பணித் துறையில் இத்தனை வருடமாகப் பாடம் எடுக்கிறார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் சொல்லிவிட்டுப் போவார், வலி தெரியும்போது ஆள் அங்கே இருக்கமாட்டார். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கடப்பாரை என்று வைக்காமல் விட்டார்களே என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு வழக்கம். களப்பணியில் மாணவர்கள் அடுத்தவர் வீட்டில் கேட்ட கேள்வியோடு அந்த மாணவர்களின் வீட்டுக்கே போய் நிற்பார். கேட்பது யாருக்கும் சுலபம், பதில் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

அன்று வந்த அறிக்கை வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண் எழுதியது. வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவர், மனைவி இறந்துவிட்டாள், ராத்திரி வேலை, சின்ன மகள். குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டிருக்கிறாள். "எல்லாரும்தான்" என்றிருக்கிறார் அவர். எல்லாரும் என்றால் ஒருவருமில்லை என்று இவளுக்குப் பட்டது. 'கவனிக்க ஆளில்லை, காப்பகத்தில் சேர்க்கலாம்' என்று முடித்துவிட்டாள். மறுநாள் அது குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனால் அந்த மனிதருக்கு மகள் இல்லை.

ஆசிரியை மாலையே அந்த அறிக்கையோடு மாணவியின் வீட்டுப் படியேறினார். நாற்காலியில் குவிந்திருந்த துணியை அவசரமாக அள்ளி, அம்மா உட்காரச் சொன்னாள்.

"நீங்க நர்ஸா இருந்தீங்களாமே. இவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப, நைட் டூட்டிக்குப் போனா இவள யாரு பாத்துக்கிட்டாங்க?"

அம்மா சிரித்தாள். "யாருன்னு சொல்றது மேடம்? மாடி வீட்டு அக்கா சோறு ஊட்டுவாங்க. எதிர் வீட்டு டிரைவர் அண்ணன் பொண்ணுங்களோட தூங்கிடுவா. காய்ச்சல்னா கீழ் வீட்டம்மா மடிதான். எல்லாரும்தான்."

ஆசிரியை மகள் பக்கம் திரும்பினார். "எழுதிக்கம்மா."

பேனா நகரவில்லை. அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"மேடம், நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா? குழந்தைய அப்படியெல்லாம் விட்டுட்டுப் போகல மேடம்..."

வளர்ந்து பக்கத்தில் நிற்கிற மகளையே யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் அவள் பயந்தாள். ஊசிக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாடம் நடத்தப் போய் ஒரு தாயைக் கலங்கடித்துவிட்டோமே என்றிருந்தது.

மகள் ஆசிரியை கையிலிருந்த அறிக்கையை வாங்கிக் கிழித்தாள்.

"நீ சரியாத்தாம்மா சொன்ன. அவரும் சரியாத்தான் சொன்னாரு. நான்தான் பக்கத்துல ஒரு கதவக்கூட தட்டல."