பசியில்லாத மீன்

ஆம்பூரில் கடல் மீன் வளர்க்கிறேன் என்றால் சிரிக்காதவர்கள் இல்லை. "நம்ம ஊரு தண்ணியே உப்பு. இதுக்குத் தனியா உப்பு வேற வாங்கிப் போடணுமா?" என்று என் நாத்தனார் வரும்போதெல்லாம் கேட்பாள். கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். பிள்ளையில்லாத வீட்டில், காலையில் நான் விளக்கைப் போட்டதும் கண்ணாடியோரம் ஓடி வருகிற உயிர்கள் அவை இரண்டும்தான். இதை ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

திடீரென்று பெரியது சாப்பிடுவதை நிறுத்தியது. இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டால் வாயில் வாங்கித் துப்பியது. வயிறு உப்பிக்கொண்டே போக, முதுகு மெலிந்தது. செவுள் படபடக்க மேலே வந்து மூச்சு வாங்கியது.

எங்கள் ஊரில் தண்ணீரில் எது கெட்டாலும் பழி தோல் பதனிடும் டேனரி மேல்தான் விழும். நானும் அதையே நம்பினேன். கேன் தண்ணீர் ஆளை மாற்றினேன். உப்பை மாற்றினேன். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் கணவரோ, "தண்ணில டேனரி குரோம் ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்தத் தட்டைப் பிடுங்கி வைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒரு காலை, பெரியது அடியில் சாய்ந்து கிடந்தது. சின்னது அதன் பக்கத்திலேயே நின்றது. அழுதேன். அழுது முடித்ததும், காரணம் தெரியாமல் இதைப் புதைக்க மாட்டேன் என்று மீன் ஆயும் கத்தியை எடுத்தேன். வயிற்றுக்குள் ஈரத் திரி மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி. விரலில் வைத்துத் தேய்த்தால் இழை இழையாகப் பிரிந்தது.

ஆம்பூர்க்காரிக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஷூவுக்குள் மெத்தென்று வைத்துத் தைக்கிற லைனிங் பஞ்சு. தொட்டியின் பில்டரில் இருந்த பஞ்சு கிழிந்தபோது, என் கணவர் கம்பெனியில் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கொண்டுவந்து திணித்திருந்தார். "தோல் இல்ல, கெமிக்கல் இல்ல, வெறும் பாலியஸ்டர். கடைல விக்கறத விட சுத்தம்" என்றார் அன்றைக்கு. எனக்கும் சரியென்றே பட்டது. தோல் என்றால் அழுக்கு, பிளாஸ்டிக் என்றால் சுத்தம் என்றுதானே நாங்கள் வளர்ந்தோம். அந்தப் பஞ்சு முடி கொட்டுவதுபோல் கொட்டியிருக்கிறது. மிதந்ததை இரை என்று மீன் விழுங்கியிருக்கிறது. செரிக்காமல், வெளியேயும் போகாமல் வயிற்றை அடைத்துக்கொள்ள, அதற்குப் பசியே எடுக்கவில்லை.

சின்னதைப் பார்த்தேன். அதன் வயிறும் லேசாக உப்பியிருந்தது.

பில்டர் மோட்டாரை நிறுத்தினால் மீனுக்குக் காற்று கிடைக்காது. ஓடவிட்டால் பஞ்சு பறக்கும். நிறுத்திவிட்டுப் பஞ்சைப் பிடுங்கினேன், உடனே மோட்டாரை மறுபடி போட்டேன். டீ வடிகட்டியிலும் பழைய காட்டன் துணியிலும் தண்ணீரை வடித்து வடித்து ஊற்றினேன். சின்னது ஒரு மூலையில் ஒதுங்கிச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது.

மதியம் வந்த கணவர் பஞ்சைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். முகம் செத்துப்போயிற்று. தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னிக்கே மெட்ராஸ் போலாம். இத கடல்ல உட்டுடலாம். அங்க நல்ல தண்ணி, பொழச்சிக்கும்."

எனக்கும் அந்த ஆசை வந்திருந்தது. ஆனால் அவர் வருவதற்கு முன், சமைப்பதற்காக வாங்கி வைத்திருந்த மத்தியை எடுத்து ஆய்ந்திருந்தேன். இத்தனை வருஷமாகப் பார்க்காமலே குடலை வழித்துப் பூனைக்குப் போட்டவள், அன்றைக்கு அதை வெள்ளைத் தட்டில் வைத்துக் கீறிப் பார்த்தேன். ஒன்றில் நீல நிறத்தில் ஒரு நைலான் இழை. இன்னொன்றில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சிவப்பு பிளாஸ்டிக் துணுக்கு.

தட்டை அவர் முன்னால் நகர்த்தினேன்.

"இது கடல்லேர்ந்துதாங்க வந்துது."

அவர் குனிந்து பார்த்தார். இழையை விரல் நுனியில் எடுத்தார், தேய்த்தார். எந்த ரகம் என்று தொட்டே சொல்லக்கூடியவர், அதைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"அப்போ இத எங்க உடறது?"

"எங்கயும் உட வேணாம். இங்க போட்ட பஞ்சு நம்ம பஞ்சு, எடுத்துட்டோம். அங்க யாரு எடுப்பாங்க?"

நறுக்கிய இறாலில் ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டேன். சின்னது மெல்ல மேலே வந்து அதை வாயில் வாங்கியது. துப்பிவிடுமோ என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.