தட்டிக்குப் பின்னால் வளையல் சத்தம்

மஹ்பூபாவுக்குச் சங்கீதம் என்றால் கிலோ என்ன விலை என்பது அவளைக் கட்டிக்கொண்டவருக்குத் தெரியும், பெற்ற மகளுக்குத் தெரியும், சமையல்கட்டுப் பூனைக்கும் தெரியும். "மீன்காரன் கூவுறதும் ஒண்ணுதான், இவங்க பாடுறதும் ஒண்ணுதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவளின் வீட்டு மாடியில்தான் சனிக்கிழமை தவறாமல் கச்சேரி நடந்தது.

அவள் கணவர் கமாலுதீன் பினாங்கு துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு சப்ளை செய்தவர். சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு, மாலை அஸர் தொழுகை முடிந்ததும் சூலியா தெரு வீட்டு மாடியில் பாய் விரிப்பார். இரண்டே நரம்பு கொண்ட வாத்தியத்தோடு ஒரு சீனப் பையன், கம்பூஸ் மீட்டும் மலாய்ப் பையன், மிருதங்கத்தைச் சாக்கில் கட்டித் தூக்கிவரும் தமிழ்ப் பையன் என்று வருவார்கள். எல்லாரும் இளவட்டம், ஆதரிக்க ஆளில்லாதவர்கள். பள்ளிவாசல் பெரியவர்கள் சிலர் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் தேத்தண்ணி குடிக்க வந்து கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்தார்கள்.

கூடத்தின் ஓரத்தில் ஒரு மூங்கில் தட்டி தொங்கும். அதற்குப் பின்னால் வீட்டுப் பெண்களுக்கு இடம். கச்சேரி முடிந்ததும் தட்டிக்கு அடியிலிருந்து ஒரு மல்லிகைச் சரம் வெளியே வரும். அது யாருக்கென்று போகிறதோ, அந்தப் பிள்ளையின் வாத்தியார் சம்பளமும் வெளியூர் போய்ப் படிக்கக் கப்பல் செலவும் கமாலுதீன் பொறுப்பு. உள்ளே இருந்து தீர்ப்புச் சொல்வது யார் என்று யாரும் கேட்டதில்லை. அந்நியர் வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரிப்பது மரியாதையா என்ன?

உள்ளே தனியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது மகள் ரோஹானா. ஒரு சுரம் பிசகினால் போதும், அவள் முகம் புளியைத் தின்றதுபோல் ஆகிவிடும். பாட்டு பிடித்துப்போனால் கையில் கிடந்த பச்சைக் கண்ணாடி வளையல்கள் தரையில் தாளம் போடும். அந்தச் சத்தம் கூடம்வரை கேட்கும். வாசிக்கிற பையனுக்கு உயிர் வந்துவிடும்.

மலேரியாக் காய்ச்சல் ஐந்தே நாளில் அவளைக் கொண்டுபோயிற்று. குளிப்பாட்டுவதற்காகக் கழற்றிய வளையல்களை மஹ்பூபா தன் இடது கையில் ஏற்றிக்கொண்டாள். பிறகு கழற்றவே இல்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்ததும் கமாலுதீன் தலையைக் குனிந்தபடி கேட்டார்: "பையனுங்க வந்து வந்து கேட்டுட்டுப் போறாங்க. நீ போய் உள்ளே உக்காருறியா?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

"தாப்பா லா, பரவாயில்ல. பூ உள்ளேர்ந்து வந்தாப் போதும்."

அவருக்காகத்தான் போனாள். மகள் உட்கார்ந்த திண்டுக்குப் பக்கத்தில் அமர்ந்து, அந்தத் திண்டின்மேல் இடது கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மலாய்ப் பையன் வாசித்துக்கொண்டிருந்தான். திடீரென்று இடது பக்கத்திலிருந்து வளையல் சத்தம் கேட்டது. கலீர், கலீர் என்று அதே தாளம். மஹ்பூபாவுக்குக் கண்ணைத் திறக்கத் துணிவில்லை. பயம் தெளிந்ததும் வந்ததே ஒரு சந்தோஷம், அதைச் சொல்லி முடியாது. பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்; கண்ணைத் திறந்து அவளை விரட்டுவாளா ஒரு தாய்?

அன்று முதல் வளையல் யாருக்கு ஒலித்ததோ அவனுக்குப் பூ போயிற்று. ஒருமுறைகூடத் தவறான ஆளுக்குப் போகவில்லை. வாரத்தில் ஆறு நாளை அவள் எப்படியோ தள்ளினாள். சனிக்கிழமை மட்டும் உயிரோடு இருந்தாள். இப்படி மூன்று வருஷம்.

பிறகுதான் தனலெட்சுமி வந்தாள். துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி பிச்சைமுத்துவின் மகள், வயலின் வாசிப்பவள். ஆம்பளைகள் நடுவே பெண்ணை உட்காரவைக்க அப்பாவுக்கு மனசில்லை. "உள்ளேயே உக்காந்து வாசிக்கட்டுமே, சத்தம் வெளிய போனாப் போதாதா?" என்று மஹ்பூபாதான் சொல்லியனுப்பினாள். அதுவரை எந்த வித்துவானும் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை.

பெண் நேராகத் திண்டை நோக்கிப் போனாள்.

"அங்க வேணாம்மா! இப்படி எதிர்ல உக்காரு" என்றாள் மஹ்பூபா. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

தனலெட்சுமி எதிரே அமர்ந்து வாசித்தாள். மஹ்பூபா கண்ணை மூடிக்கொண்டாள். சிறிது நேரத்தில் வளையல் ஒலித்தது. இதுவரை கேட்டிராத உற்சாகத்தோடு ஒலித்தது. வந்துட்டியா ராசாத்தி என்று அவள் மனசுக்குள் கொஞ்சினாள்.

வாசித்து முடித்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "பெரியம்மா, நடுவுல ரெண்டு எடத்துல தடுமாறிட்டேன். உங்க கையைப் பாத்துத்தான் பிடிச்சுக்கிட்டேன். என்னா தாளம் பெரியம்மா உங்களுக்கு!"

"என் கையா?"

"இந்தக் கைதான்" என்று தனலெட்சுமி அவளுடைய இடது கையைத் தொட்டாள்.

மஹ்பூபா கண்ணைத் திறந்தாள். கை திண்டின் விளிம்பில் இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அதில் பச்சை வளையல்கள் கிடந்தன. திண்டு வெறும் திண்டாக இருந்தது.

கூடத்தில் எல்லாரும் பூவுக்குக் காத்திருந்தார்கள். கமாலுதீன் ஒருமுறை கனைத்தார். "இன்னொரு தடவை வாசி" என்றாள் மஹ்பூபா. இடது கையை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து திண்டையே பார்த்தாள். பெண் வாசித்தாள். வேறு எந்தச் சத்தமும் எழவில்லை. மகளை இரண்டாவது தடவை அடக்கம் பண்ணியதுபோல் இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்தக் காது மகளுக்குத் தன்னிடமிருந்துதான் போயிருக்கிறது என்பதும் அப்போது புரிந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய?

பூச்சரத்தை வெளியே தள்ளாமல் தன் கையாலேயே அந்தப் பெண்ணின் தலையில் வைத்தாள். "என் கையைப் பாத்ததை வெளிய சொல்லாத, கண்ணு" என்றாள். அடுத்த கப்பலில் தனலெட்சுமி சென்னைக்குப் படிக்கப் போனாள்.

அதன்பின் மஹ்பூபா இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் கச்சேரி கேட்டாள். பூ சரியான ஆளுக்குத்தான் போயிற்று. சனிக்கிழமையும் மற்ற நாள்போல் ஆகிவிட்டது.

ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கமாலுதீன் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"இப்பல்லாம் அந்தச் சத்தம் கேக்கறதில்லையே."

"எந்தச் சத்தம்?"

"வளையல் சத்தம். உனக்குத்தான் தாளம் தெரியாதே, அதனால அது யாருன்னு எனக்குத் தெரியும். உன்கிட்டச் சொன்னா பயப்படுவியோன்னு வாயைத் திறக்கல. மூணு வருஷமா அதைக் கேக்கத்தான் நான் அங்க உக்காந்திருந்தேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "நம்ம புள்ளைக்கு என் மேல என்ன கோவமோ, வர்றதில்ல."

உண்மை மஹ்பூபாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சீனப் பையன் வாசித்தான். மஹ்பூபா முந்தானையிலிருந்து கையை எடுத்துத் திண்டின்மேல் வைத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. முதல் அடி கொஞ்சம் பிந்தி விழுந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது. கலீர், கலீர் என்று வளையல் ஒலிக்க, அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது.

தட்டிக்கு அந்தப் பக்கம் கமாலுதீன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் தாளத்தை நிறுத்தவில்லை.