மாமா கொண்டுவந்த வண்டல்

அது எந்த ஆண்டு என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. மாதம் வைகாசி, ஆடிக் கிருத்திகைக் கூட்டம் திருத்தணியை நிறைப்பதற்கு முன் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. திருவாலங்காட்டிலிருந்து என் தாய்மாமா டிராக்டர் டிராக்டராக ஏரி வண்டல் கொண்டுவந்து எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கொட்டினார்.

மலையில் எனக்குக் காது குத்தியபோது, மாமா வந்து சேர்வதற்குள் நல்ல நேரம் போய்விடும் என்று என்னைப் பெரியப்பா மடியில் உட்காரவைத்துவிட்டார்கள். அன்று கோபித்துக்கொண்டு போனவர் பல வருடங்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதன்பின் தாய்வீட்டிலிருந்து அம்மாவுக்கு வந்த முதல் சீர் அந்த மண்தான். ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சென்னை வேலையை விட்டுவிட்டு அந்தத் தோட்டத்தை நம்பியிருந்தார். சரளை கலந்த செம்மண். பந்தலுக்குக் கீழே வரிசைக்கு வரிசை வடிகால் வெட்டி, மழைத்தண்ணீரை ஓடைக்கு அனுப்பிவிடுவார். கரும்பு வைத்தே வளர்ந்த மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

“இன்னா பாவா, ஊரே தண்ணிக்கு அலையுது. நீங்க வாய்க்கா வெட்டி வெளிய தொரத்திகினு கீறீங்க!”

“கொடிக்கு வேர்ல தண்ணி நிக்கக்கூடாது மச்சான்.”

“ஏன், கால் நனைஞ்சா சளி புடிக்கறதுக்கு அது இன்னா ஆடா?”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நைனா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்வெட்டியை மாமாவிடம் கொடுத்தார். வடிகால்களை வண்டல் மூடியது.

ஆவணியில் கொடிகள் கரும்பச்சையாகத் தழைத்தன. ஐப்பசி அடைமழையில் பந்தலுக்குக் கீழே தண்ணீர் தேங்கியது. குழைந்துபோன வண்டல் அதை உள்ளே இறங்கவும் விடவில்லை, வெளியே ஓடவும் விடவில்லை. மழை விட்டபின் இலைகள் தாகத்தில் வாடியவைபோலத் தொங்கின. போனில் விவரம் கேட்ட மாமா, “மோட்டார போடுங்க பாவா, காஞ்சி போவுது” என்றார்.

நைனா மோட்டாரைப் போடவில்லை. ஒரு கொடியின் அடியைத் தோண்டினார். வேரைத் தொட்டதும் தோல் கறுப்பாக உரிந்து கையோடு வந்தது, சாக்கடை நாற்றம். பக்கத்தில் நின்ற எனக்கே விளங்கிவிட்டது. இன்னும் பல கொடிகளைத் தோண்டிப் பார்த்தார். வடிகால்களை மறுபடி வெட்டினார். தண்ணீர் ஓடியது, கொடிகள் எழவில்லை. மார்கழியில் பந்தல் வெறும் கம்பியாக நிற்க, நைனா விடியற்கால ரயிலில் மீண்டும் சென்னைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்.

பொங்கல் சீரோடு வந்த மாமா, தோட்டத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“எங்க ஏரி மண்ண போட்டும் நிக்கலியே பாவா.”

அம்மா நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நோயி வந்துட்ச்சி மச்சான். அதுக்கு மண்ணு இன்னா பண்ணும்? எழுந்து வா, சாப்புடலாம்.”

அம்மா உள்ளே போய் மாமாவுக்கு இலை போட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அத்தனை வேர்களைத் தோண்டிப் பார்த்தும், நைனாவுக்குக் காரணம் விளங்கவில்லையே என்று அவருக்காக வருத்தப்பட்டேன்.