என் விரதங்களை நம்பாத அண்ணி

புளி தட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அத்த, அம்மா போய்ட்டாங்க" என்றான் காசியம்மா அண்ணியின் மகன். சாமைக் கொல்லைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். என் கணவருடைய அக்கா அவர். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாயால் நான் பிழைத்ததைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு, சோறும் களியும் எனக்கு நடு நெஞ்சில் நின்று நின்று இறங்க ஆரம்பித்தன. வலி இல்லை. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. தொண்டை அடைத்துச் செத்தவர் ஒருவரை எங்கள் ஊரில் பார்த்திருந்ததால் யாரிடமும் வாய் திறந்து சொல்லப் பயம். முருகனுக்குச் செவ்வாய் விரதம் எனக்கு எப்போதும் உண்டு. அதோடு வெள்ளி சேர்ந்தது. பிறகு சனியும் சேர்ந்தது. பாலும் கஞ்சியுமாக ஓட்டினேன். ஊரே என் பக்தியைப் புகழ்ந்தது.

ஆடிக் கிருத்திகையன்று விரதம் முடித்து இலை முன் உட்கார்ந்தேன். எதிரே அண்ணி.

"இன்னாமே அலமேலு, விரதம் இருந்தவ அள்ளி அள்ளித் துன்னணும். நீ இன்னாடான்னா இலையப் பாத்துப் பயப்படற?"

"பசிக்கல அண்ணி."

"பஸ்ஸுக்குக் குடுத்த சில்லறையக்கூட எழுதி வெக்கிறவ, உள்ள எத்தினி வாய் போச்சுன்னு எழுதினியா? சாமி பேரச் சொல்லி எத மறைக்கிற?"

சோறு இறங்காததைச் சொல்லி அழுதுவிட்டேன். அவர் தம்பியைப் பார்த்து, "டேய், காலைல மொத பஸ்ஸு. கெளம்பு" என்றார்.

மலை இறங்கித் திருப்பத்தூர் போனோம். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், உணவுக்குழாயில் ஒரு மேடு தெரிகிறது, மேல்தோல் வழவழப்பாக இருக்கிறது, புண் இல்லை என்று சொல்லி வேலூருக்கு அனுப்பினார். சதை கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பவில்லை. அதுதான் வினையாயிற்று. சதை எடுக்கவில்லையென்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த ஓரகத்திகூட வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவ இன்னும் உக்காந்துகினுதான் கீறா. ஒப்பாரிய எடுத்து வெச்சிக்க" என்று அண்ணி அதட்டினார்.

வேலூரில், நுனியில் ஸ்கேன் வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா முன் உட்கார்ந்தபோது, "மேடம், கொஞ்சம் வெளிய வந்து சொல்றீங்களா?" என்று என் கணவர் எழுந்தார். நோயாளியின் காதில் விழாமல் கேட்பதுதான் நல்லது என்று எங்கள் வீட்டு ஆண்கள் நினைப்பார்கள்.

"கட்டி உனுக்காடா கீது?" என்றார் அண்ணி. "அவளுக்குத்தானே கீது? இங்கயே சொல்லுங்க மேடம். சதை ஏன் எடுக்கல?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கட்டி மேல்தோலில் இல்லை, அதற்கு அடியிலுள்ள தசையில் இருக்கிறது. ஓரமெல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. பார்த்தவரை புற்று மாதிரி இல்லை என்றார். மேலிருந்து கிள்ளினால் அந்த இடம் தழும்பாகிக் கட்டியோடு ஒட்டிக்கொள்ளுமாம். அப்புறம் தோல் கிழியாமல் பிரித்தெடுப்பது கஷ்டம். "விழுங்க சிரமப்படறீங்க, அதனால எடுத்துடலாம். முழுசா எடுத்து டெஸ்ட் பண்ணாதான் முடிவா சொல்ல முடியும்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

சிறு துளைகள் போட்டு எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை அண்ணி ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. சாதாரணக் கட்டிதான் என்று தெரிந்ததும், "நானும் இன்னாவோ ஏதோன்னு பயந்துகினுதாம்மே இருந்தேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

வெள்ளியையும் சனியையும் அந்தந்தச் சாமியிடம் சொல்லி விட்டுவிட்டேன். செவ்வாய் மட்டும் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் நன்றாகப் பசிக்கிறது. பயமில்லாத பசி. அண்ணி எனக்கு விட்டுப்போனது அதுதான்.